‘கோயலிஷன்’ என்றால் என்ன? ‘அலையன்ஸ்’ வேறு, அது வேறா?

தேர்தல் நேரத்து டீக்கடைப் பேச்சு ஒன்றை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

“கூட்டணிதானே வெச்சிருக்காங்க? ஜெயிச்சா மந்திரி பதவியும் குடுக்க வேண்டியதுதானே?”

“அட, அது கூட்டணிங்க. கூட்டணி ஆட்சின்னு யாரு சொன்னா?”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

இந்தக் கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் வராது. டீ ஆறிவிடும், பேச்சு வேறு பக்கம் போய்விடும். ஆனால் அது நியாயமான கேள்வி. தமிழில் நாம் ‘கூட்டணி’ என்று ஒரே சொல்லால் சொல்வதை, ஆங்கிலத்தில் இரண்டு சொற்களால் சொல்கிறார்கள். ஒன்று ‘அலையன்ஸ்’, இன்னொன்று ‘கோயலிஷன்’. இரண்டுக்கும் பிறந்த இடம் வேறு, பொருளும் வேறு. இந்த வித்தியாசம் பிடிபட்டால், மேடைகளில் தலைவர்கள் எதைச் சொல்கிறார்கள், எதைச் சொல்லாமல் தாண்டுகிறார்கள் என்பதும் பிடிபடும்.

நிலக்கரிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை

‘கோயலிஷன்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தால் முதல் நான்கு எழுத்துகள் ‘கோல்’, அதாவது நிலக்கரி என்று தெரியும். ஆனால் உச்சரிப்பு ‘கோ-அ-லிஷன்’. நிலக்கரிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இதன் வேர் லத்தீன் மொழியில் இருக்கிறது. ‘கோ’ என்றால் ‘சேர்ந்து’. ‘அலெஸ்கெரே’ என்றால் ‘வளர்தல்’. இரண்டும் சேர்ந்து ‘கோஅலெஸ்கெரே’, அதாவது ‘ஒன்றாக வளர்வது’. அந்த ‘அலெஸ்கெரே’வுக்கும் அடியில் இருப்பது ‘அலெரே’ என்ற வினைச்சொல். அதற்கு ‘உணவூட்டி வளர்ப்பது’ என்று பொருள்.

இந்த ‘அலெரே’ குடும்பம் பெரியது. வளர்ந்துகொண்டிருக்கும் பருவத்தினரைக் குறிக்கும் ‘அடலசென்ட்’, வளர்ந்து முடித்தவரைக் குறிக்கும் ‘அடல்ட்’, படித்த கல்லூரியைப் பாசத்தோடு குறிக்கும் ‘ஆல்மா மேட்டர்’ (ஊட்டி வளர்த்த தாய்) எல்லாம் இதன் வாரிசுகள். விவாகரத்து வழக்குகளில் வரும் ‘அலிமனி’, அதாவது ஜீவனாம்சமும் இதே குடும்பம்தான். சேர்ந்து வளர்வதற்கும், பிரிந்த பிறகு சாப்பாட்டுச் செலவுக்குக் கொடுப்பதற்கும் வேர் ஒன்றுதான் என்பது வேடிக்கை.

17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது கோயலிஷனுக்கு அரசியல் வாசனையே கிடையாது. தனித்தனியாக இருந்த பகுதிகள் ஒட்டி ஒன்றாவதைத்தான் அது குறித்தது. அதன் உடன்பிறப்பான ‘கோஅலெஸ்’ என்ற வினைச்சொல் இன்றைக்கும் அந்தப் பொருளில் அறிவியலில் இருக்கிறது. மழை நாளில் பஸ் ஜன்னலைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு துளிகள் கண்ணாடியில் மெல்ல நகர்ந்து வரும். தொட்டதும் சட்டென்று ஒரே துளியாகிவிடும். அப்புறம் எது எந்தத் துளி என்று யாராலும் சொல்ல முடியாது. அதுதான் ‘கோஅலெஸ்’. மேகத்துக்குள் சிறு துளிகள் மோதிச் சேர்ந்து மழைத்துளியாவதற்கும் இதே சொல்தான்.

இந்தத் துளிகளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

அலையன்ஸ்: அது முடிச்சு

‘அலையன்ஸ்’ கொஞ்சம் மூத்த சொல். பிரெஞ்சு வழியாக 1300-ஐ ஒட்டி ஆங்கிலத்துக்கு வந்துவிட்டது. இதன் லத்தீன் வேர் ‘அல்லிகாரே’. ‘ஒன்றோடு சேர்த்துக் கட்டுவது’ என்று பொருள். எலும்புகளைக் கட்டிவைக்கும் ‘லிகமென்ட்’, கடமையால் கட்டிப்போடும் ‘ஆப்ளிகேஷன்’, கிரிக்கெட்டிலும் கால்பந்திலும் வரும் ‘லீக்’ எல்லாம் இதன் உறவுகள்.

ஆங்கிலத்தில் அலையன்ஸுக்கு மிகப் பழைய பொருள்களில் ஒன்று திருமண உறவு. ராஜா வீட்டுப் பெண்ணை இன்னொரு ராஜா வீட்டுக்குக் கொடுத்து உறவைக் கட்டிக்கொண்ட காலத்துப் பொருள் அது. “பையனுக்கு அலையன்ஸ் பார்த்துட்டிருக்கோம், உங்களுக்குத் தெரிஞ்ச இடம் இருந்தா சொல்லுங்க” என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, அதில் அந்தப் பழைய பொருள் அப்படியே உயிரோடு இருக்கிறது. இன்னொரு பொருத்தமும் உண்டு. ‘சம்பந்தம்’, ‘சம்பந்தி’ என்கிறோம். வடமொழியில் ‘பந்த்’ என்றால் கட்டுவது. ‘சம்’ என்றால் சேர்த்து. ஆக, அலையன்ஸுக்குச் சரியான இணை சம்பந்தம்தான்!

கட்டப்பட்ட இரண்டு பொருள்கள் இரண்டாகவே இருக்கும். முடிச்சை அவிழ்த்தால் தனித்தனியாகப் போய்விடலாம். சேர்ந்து வளர்ந்தவற்றைப் பிரிப்பது அவ்வளவு சுலபம் இல்லை. அகராதி சொல்லும் அடிப்படை வித்தியாசம் இவ்வளவுதான்.

சொல்லுக்குக் கெட்ட பெயர் வந்த வருடம்

18-ஆம் நூற்றாண்டில் கோயலிஷன் அரசியலுக்குள் வந்தது. அந்தச் சொல்லை பிரிட்டனில் எல்லோர் வாயிலும் புழங்கவைத்தது 1783-ல் அமைந்த ஓர் அரசு. அதற்குப் பெயரே ‘ஃபாக்ஸ்-நார்த் கோயலிஷன்’.

நார்த் பிரபு, அமெரிக்கச் சுதந்திரப் போர் நடந்தபோது பிரிட்டனின் பிரதமராக இருந்தவர். சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ், அந்தப் போருக்காக நார்த்தை நாடாளுமன்றத்தில் வருடக்கணக்கில் வறுத்தெடுத்தவர். அந்த இரண்டு பேரும் 1783 ஏப்ரலில் கைகோத்து ஆட்சிக்கு வந்தார்கள். பெயருக்குப் பிரதமர் போர்ட்லண்ட் பிரபு. “நேத்து வரைக்கும் திட்டிக்கிட்டவங்க இன்னிக்கு ஒரே மேடையில” என்று நாம் இப்போது சொல்வதை, லண்டன்காரர்கள் அப்போதே சொன்னார்கள். மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்கும் இந்தக் கூட்டு அறவே பிடிக்கவில்லை.

அந்த அரசைக் கவிழ்த்தது ஓர் இந்திய விவகாரம். கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரத்தை ஏழு ஆணையர்கள் கையில் கொடுக்க ஃபாக்ஸ் ஒரு மசோதா கொண்டுவந்தார். மக்களவையில் நிறைவேறியது. பிரபுக்கள் சபையில் அதற்கு வாக்களிப்பவரைத் தன் எதிரியாகக் கருதுவேன் என்று மன்னர் சொல்லியனுப்ப, மசோதா தோற்றது. 1783 டிசம்பரில் அரசும் நீக்கப்பட்டது. எட்டரை மாதம்தான் ஆயுள். அடுத்துப் பிரதமரான வில்லியம் பிட்டுக்கு அப்போது வயது 24.

ஜேம்ஸ் சேயர்ஸ் என்ற ஓவியர் வரைந்த கேலிச்சித்திரம் அந்த நேரத்தில் பிரபலம். ஃபாக்ஸ் ஒரு கீழை நாட்டு ராஜா வேஷத்தில் யானை மேல் கம்பெனியின் தலைமையகத்துக்கு ஊர்வலம் போகிறார். யானையின் முகத்தைப் பார்த்தால் அது நார்த்தின் முகம்! கூட்டுச் சேர்ந்ததில் யார் சவாரி செய்கிறார், யார் சுமக்கிறார் என்பதுதான் அந்தப் படம் சொன்ன சேதி. 1784 தேர்தலில் ஃபாக்ஸ் ஆதரவாளர்கள் பலர் தோற்றார்கள்.

இந்தக் கதைக்கு நம் ஊரோடும் ஒரு தொடர்பு உண்டு. ஃபாக்ஸின் மசோதாவை உருவாக்குவதில் பெரும் பங்கு எட்மண்ட் பர்க்குக்கு. அதே பர்க், 1785-ல் ஆற்காடு நவாபின் கடன்கள் பற்றி நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரை மிகப் புகழ்பெற்றது. சேப்பாக்கம் அரண்மனையில் இருந்த நவாபுக்குக் கம்பெனி ஆட்களே வட்டிக்குக் கொடுத்து, அதைக் கர்நாடகப் பகுதி விவசாயிகளின் வரியிலிருந்து கறந்த கதை அது.

போர்க்களத்தில் மட்டும் தலைகீழ்

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு பிரான்சுக்கு எதிராக ஐரோப்பிய நாடுகள் அடுத்தடுத்துச் சேர்ந்த அணிகளை ‘முதல் கோயலிஷன்’ தொடங்கி ‘ஏழாவது கோயலிஷன்’ வரை எண்ணுகிறார்கள். ஏழாவது, 1815-ல் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தது. 1991 வளைகுடாப் போரிலும் 2003 இராக் போரிலும் ‘கோயலிஷன் படைகள்’ என்றே செய்திகள் வந்தன. ஆனால், 1949 முதல் இருக்கும் நேட்டோவை ‘அலையன்ஸ்’ என்கிறார்கள்.

அதாவது, ராணுவ மொழியில் ஒப்பந்தம் போட்டு நீண்ட காலம் நீடிப்பது அலையன்ஸ். ஒரு காரியத்துக்காகக் கூடிக் கலைவது கோயலிஷன். வேர்ச்சொல் ஒரு பக்கம் போனால், பழக்கம் இன்னொரு பக்கம் போகும் என்பதற்கு இது உதாரணம். உள்நாட்டு அரசியலில் மட்டும் பொருள் வேரை ஒட்டியே நிற்கிறது. தேர்தலுக்காகக் கட்டிக்கொள்வது அலையன்ஸ், அமைச்சரவையில் சேர்ந்து உட்கார்ந்து ஆள்வது கோயலிஷன்.

ஜெர்மனியின் முறை, பிரிட்டனின் பாடம்

கோயலிஷனைப் பழக்கமாகவே வைத்திருக்கும் நாடு ஜெர்மனி. தேர்தல் முடிந்த பிறகு கட்சிகள் வாரக்கணக்கில் உட்கார்ந்து பேசி, நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்களில் ‘கோயலிஷன் ஒப்பந்தம்’ எழுதுகின்றன. எந்தத் துறை யாருக்கு, எந்தச் சட்டம் எப்போது, எல்லாம் அதில் இருக்கும். 2018-ல் சோஷியல் டெமாக்ரட் கட்சி, அந்த ஒப்பந்தத்தை ஏற்கலாமா என்று தன் உறுப்பினர்களிடமே வாக்கெடுப்பு நடத்தியது. 2021-ல் அமைந்த சிவப்பு, மஞ்சள், பச்சைக் கட்சிகளின் அரசுக்கு ‘டிராஃபிக் லைட் கோயலிஷன்’ என்று பெயர். அது 2024 நவம்பரில் உடைந்தது. ஒப்பந்தம் எழுதியிருந்தாலும் உடையும். ஆனால், என்ன பேசிச் சேர்ந்தார்கள் என்பது மக்களுக்குத் தெரிந்திருக்கும்.

பிரிட்டனில் 2010-ல் கன்சர்வேட்டிவ் கட்சியும் லிபரல் டெமாக்ரட் கட்சியும் கோயலிஷன் அமைத்தன. லிபரல் டெமாக்ரட்டுகளுக்கு அப்போது 57 இடங்கள். பல்கலைக்கழகக் கட்டண உயர்வை எதிர்ப்போம் என்று தேர்தலில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கட்சி அது. அரசில் சேர்ந்ததும், ஆண்டுக் கட்டண உச்சவரம்பு 9,000 பவுண்டாக உயர்ந்தது. கட்சித் தலைவர் நிக் கிளெக் 2012-ல் மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் 2015 தேர்தலில் 57 இடம் 8 ஆனது. பெரிய கட்சியோ தனிப்பெரும்பான்மையோடு திரும்பி வந்தது.

சேர்ந்து வளர்வதில் யாருக்கு வளர்ச்சி என்பதுதான் கேள்வி.

தமிழில் ஏன் ஒரே சொல்?

‘கூட்டணி’யைப் பிரித்தால் கூட்டு + அணி. அணி என்றால் வரிசை, படைப்பிரிவு. அணிவகுப்பில் இருப்பதும் அதே அணிதான். ஆக, கூட்டணி என்பது படைகள் தோளோடு தோள் நிற்பதைச் சொல்கிறது. போருக்கு நிற்கிறார்கள். போர் முடிந்த பிறகு என்ன என்பது அந்தச் சொல்லில் இல்லை. பொருளில் அது அலையன்ஸுக்குத்தான் நெருக்கம்.

அப்படியானால் கோயலிஷன் அரசை ‘கூட்டாட்சி’ என்று சொல்லியிருக்கலாமே? அழகான சொல்தான். ஆனால், மத்திய, மாநில அதிகாரப் பகிர்வைக் குறிக்க அந்தச் சொல்லை ஏற்கெனவே எடுத்துக்கொண்டோம். மிச்சம் இருந்தது ‘கூட்டணி ஆட்சி’ மட்டும். ஒரே சொல் இரண்டு இடத்திலும் வருவதால்தான் டீக்கடைக் குழப்பம்.

இலங்கையில் இன்னொரு வகை. தமிழர் விடுதலைக் கூட்டணியின் ஆங்கிலப் பெயரில் இருப்பது ‘ஃபிரன்ட்’. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் ஆங்கிலப் பெயரில் இருப்பது ‘அலையன்ஸ்’. இங்கே ஃபிரன்ட்டை முன்னணி என்போம். கட்சிகள் ஆங்கிலச் சொல்லையும் தமிழ்ச் சொல்லையும் தங்கள் வசதிக்கு ஜோடி சேர்த்துக்கொள்கின்றன.

டெல்லியில் கோயலிஷன், கோட்டையில் அலையன்ஸ்

தமிழகத்துக்கு கோயலிஷன் வாடையே தெரியாது என்று சொல்ல முடியாது. 1952 தேர்தலில் சென்னை மாகாணத்தின் 375 இடங்களில் காங்கிரஸுக்கு 152 மட்டுமே கிடைத்தது. ராஜாஜி அமைத்த அமைச்சரவையில் காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் இடம்பெற்றார். பின்னர் அந்தக் கட்சி காங்கிரஸிலேயே கரைந்துபோனது.

1967-ல் கதை மாறியது. பல கட்சிகளைச் சேர்த்துக்கொண்டு திமுக தேர்தலைச் சந்தித்தது. வென்றதும் அமைச்சரவை திமுகவுடையது மட்டும். அன்று முதல் 2021 வரை நடந்த எல்லா சட்டமன்றத் தேர்தல்களுக்குப் பிறகும், யார் வென்றாலும், ஒரே கட்சியின் அமைச்சரவைதான் அமைந்தது.

இதன் உச்சம் 2006. 234 இடங்களில் திமுகவுக்கு 96 மட்டுமே. கூட்டணிக் கட்சிகளான காங்கிரஸுக்கு 34, பாமகவுக்கு 18, மார்க்சிஸ்ட்டுக்கு 9, இந்திய கம்யூனிஸ்ட்டுக்கு 6. பெரும்பான்மைக்குத் தேவை 118. எந்த நாட்டிலும் இது கோயலிஷனுக்கான கணக்கு. இங்கே அப்படி நடக்கவில்லை. கூட்டணிக் கட்சிகள் வெளியிலிருந்து ஆதரவு கொடுத்தன, திமுக தனியாக ஆண்டது. ‘மைனாரிட்டி அரசு’ என்று ஜெயலலிதா விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனாலும் ஐந்து வருடம் ஓடியது.

அதே காலத்தில் டெல்லியில் நடந்ததைப் பாருங்கள். 1996 முதல் பல மத்திய அரசுகளில் தமிழகக் கட்சிகள் கேபினட் பதவிகளோடு உட்கார்ந்திருந்தன. 1999 ஏப்ரலில் அதிமுக ஆதரவை விலக்கிக்கொண்டதும், வாஜ்பாய் அரசு ஒரே வாக்கில், 269-க்கு 270 என்று கவிழ்ந்தது. 2013 மார்ச்சில் இலங்கைத் தமிழர் பிரச்சினையில் திமுக மத்திய அமைச்சரவையிலிருந்து வெளியேறியது. டெல்லியில் பங்கு கேட்டவர்கள், கோட்டையில் பங்கு கொடுக்கவில்லை. பெரிய கட்சியாக இருக்கும் இடத்தில் அலையன்ஸ் இனிக்கிறது. சின்னக் கட்சியாக இருக்கும் இடத்தில் கோயலிஷன் இனிக்கிறது.

பக்கத்தில் கேரளாவில் வேறு வழக்கம். அங்கே முன்னணியில் இருக்கும் கட்சிகள் அமைச்சரவையிலும் இருக்கும். 2021-ல் ஒரே ஒரு எம்எல்ஏ வைத்திருந்த சில கட்சிகளுக்குக்கூட, ஐந்து வருடத்தை இரண்டாகப் பிரித்து ஆளுக்கு இரண்டரை வருடம் என்று அமைச்சர் பதவி கொடுத்தார்கள்.

பதவி கொடுப்பதில் சட்டமும் ஒரு கோடு போட்டிருக்கிறது. 2003-ல் வந்த அரசியல் சட்டத்தின் 91-வது திருத்தப்படி, அமைச்சர்களின் எண்ணிக்கை சட்டமன்றத்தின் மொத்த உறுப்பினர்களில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 234 பேர் கொண்ட தமிழகத்தில் முதல்வரையும் சேர்த்து 35 பேர். கூட்டணிக்கு ஒரு நாற்காலி கொடுத்தால், சொந்தக் கட்சியில் ஒருவருக்கு நாற்காலி போச்சு.

ஆளுநர் மேசையில் இரண்டும் வேறு வேறு

“சொல்லுல என்னங்க இருக்கு?” என்று கேட்கலாம். இருக்கிறது. மத்திய, மாநில உறவுகள் குறித்து ஆராய்ந்த சர்க்காரியா கமிஷன், 1988-ல் அறிக்கை கொடுத்தது. யாருக்கும் தனிப்பெரும்பான்மை இல்லாதபோது ஆளுநர் யாரை அழைக்க வேண்டும் என்று அதில் ஒரு வரிசை இருக்கிறது.

முதலில், தேர்தலுக்கு முன்பே அமைந்த அலையன்ஸ். இரண்டாவது, மற்றவர்கள் ஆதரவோடு உரிமை கோரும் தனிப்பெரும் கட்சி. மூன்றாவது, தேர்தலுக்குப் பிறகு அமையும் கோயலிஷன். அதில் எல்லாக் கூட்டாளிகளும் அரசில் சேர வேண்டும். நான்காவது, தேர்தலுக்குப் பிறகான அலையன்ஸ். அதில் சிலர் அரசு அமைப்பார்கள், மற்றவர்கள் வெளியிலிருந்து ஆதரிப்பார்கள்.

மூன்றாவதையும் நான்காவதையும் பாருங்கள். இரண்டு சொற்களையும் கவனமாகப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். எல்லோரும் அரசில் இருந்தால் கோயலிஷன், சிலர் வெளியே நின்றால் அலையன்ஸ். தமிழில் இரண்டையும் ‘கூட்டணி’ என்று எழுதிவிட்டால், இந்த வரிசையே புரியாது.

துளிகளுக்கு வருவோம்

பஸ் ஜன்னல் துளிகளை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? ஒரு பெரிய துளியும் ஒரு சின்னத் துளியும் தொட்டால், மிஞ்சுவது ஒரே பெரிய துளி. காமன்வீல் கட்சிக்கு அதுதான் நடந்தது. லிபரல் டெமாக்ரட்டுகள் கரையாவிட்டாலும் வற்றிப்போனார்கள். அதனால், அமைச்சர் பதவி வேண்டாம் என்று ஒரு சின்னக் கட்சி சொன்னால் அதை ஏமாளித்தனம் என்று உடனே முடிவுகட்ட வேண்டியதில்லை. வெளியே நின்றால் அரசைக் கேள்வி கேட்கும் வாய் மிஞ்சும். உள்ளே போனால் அந்த அரசின் ஒவ்வொரு முடிவுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆனால், வாக்காளருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு சின்னக் கட்சிக்கு ஓட்டுப் போடுபவர், அந்தக் கட்சி ஆட்சியில் இருக்கும் என்று நினைத்துப் போடுகிறாரா, ஆட்சிக்கு ஆதரவு தரும் என்று நினைத்துப் போடுகிறாரா? இதை ஓட்டுப் போடுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. ‘கூட்டணி’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டையும் போட்டு மூடிவைத்தால், வசதி கட்சிகளுக்குத்தான்.

எனவே அடுத்த முறை மேடையில் யாராவது “எங்கள் கூட்டணி வெற்றிக் கூட்டணி” என்று முழங்கினால், மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். சேர்ந்து நிற்பது தேர்தல் வரைக்குமா, அதற்குப் பிறகுமா? ஜெயித்தால் அமைச்சரவையில் யார் யார்? எந்தக் கொள்கையில் ஒத்துப்போகிறீர்கள், அதை எழுதி வைத்திருக்கிறீர்களா? பதில் வந்தால், அவர்கள் சொல்வது முடிச்சா, சேர்ந்து வளர்வதா என்று தெரிந்துவிடும்.

டீக்கடையில் “ரெண்டும் ஒண்ணுதானே?” என்று கேட்டவருக்கும் இப்போது பதில் சொல்லலாம். “இல்லண்ணே. ஒண்ணு சம்பந்தம் பேசுறது, இன்னொண்ணு ஒரே வீட்ல குடித்தனம் பண்றது.”